கெடாத மஞ்சள்

அத்தியாயம் 9

வேதியியல் கட்டடத்தின் படியேறியதுமே மாப்பிள்ளை கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான்.

"என்ன அத்தை இது, அழுகின முட்டையும் கொசு மருந்தும் சம்பந்தம் பேசி முடிச்ச மாதிரி ஒரு வாடை."

"நிறையப் படிச்சவங்க இருக்கிற இடம் மாப்பிள்ளை. கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்," என்றாள் அத்தை. நடையின் வேகத்தை அவள் குறைக்கவில்லை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை அல்ல. அவனுக்குப் பெண் கொடுத்தவள். வேலையில் இருந்த காலமெல்லாம் தேர்வு அறைகளுக்குள் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்து, காப்பியடிப்பவர்களைக் கையும் களவுமாகப் பிடித்தவள். காலுறைக்குள் ஒளித்த துண்டுச் சீட்டையும், தண்ணீர்ப் பாட்டில் லேபிளின் உள்பக்கம் எழுதிய சூத்திரத்தையும் தூரத்திலிருந்தே மோப்பம் பிடிப்பாள். ஓய்வு பெற்றபின் ஊர் அவளைச் சும்மா இருக்க விடவில்லை. போலீஸால் தீராத தலைவலிகள் ஒவ்வொன்றாக வாசல் மணியை அடித்தன. மாப்பிள்ளை, மருந்துக் கம்பெனி விற்பனையாளராக இருந்து, கம்பெனி கைகழுவியபின் மாமியாருக்குக் காரோட்டியாகவும் உதவியாளாகவும் ஆனவன். "மாமியார்கிட்ட வேலை பார்க்கறதுல ஒரு வசதி, டிஸ்மிஸ் பண்ணா பொண்ணு வாழ்க்கை என்னாகறதுன்னு யோசிப்பாங்க" என்று மனைவியிடம் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

இந்த முறை வாசல் மணியை அடித்தவர் ஒரு பஸ் டிரைவர். இந்தக் கல்லூரியில் முதுகலை படிக்கும் அவருடைய மகளைப் போலீஸ் பிடித்து வைத்திருந்தது. போன வாரம் ஒரு மதியம், மாணவர்கள் லேப்பில் இருந்த நேரத்தில், துறைத் தலைவி பின்பக்கப் படிக்கட்டின் அடியில் மண்டை உடைந்து கிடந்தார். இரண்டு தோள்களிலும் விரல் பதிந்த தடம். தானாக விழவில்லை, யாரோ பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். உயிர் தப்பிவிட்டார், இன்னும் நினைவு திரும்பவில்லை. டிரைவரின் மகள் அன்று காலைதான் மதிப்பெண் விஷயமாகத் தலைவியிடம் சத்தம் போட்டிருந்தாள். மதியம் லேப்பிலிருந்து பாதியில் அழுதுகொண்டே வெளியே போயிருந்தாள். போலீஸுக்கு அவ்வளவு போதும். அதற்கு மேல் யோசித்தால் அவர்களுக்கு உடம்புக்கு ஆகாது.

"எங்க பாப்பா கோபம் வந்தா கழிவறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுவாங்க. அவ்வளவுதாங்க அவங்களுக்குத் தெரியும்," என்றிருந்தார் டிரைவர். பெற்ற மகளை 'அவங்க' என்று சொல்லும் தகப்பனை அத்தைக்குப் பிடித்துப்போயிற்று.

காலையில் ஆஸ்பத்திரியில் தலைவியின் கணவரைப் பார்த்தார்கள். அவர் ஒரு விஷயம் சொன்னார். விழுவதற்கு முந்தின நாள் தலைவி ஒரு சின்னக் காலி பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்தாராம். 'இதை வெச்சே நாளைக்கு ஒருத்தர் கிரீடத்தை இறக்கப் போறேன்' என்றாராம். யார் கிரீடம் என்று சொல்லவில்லை. விழுந்த இடத்தில் கைப்பை தலைவியின் பக்கத்திலேயே கிடந்தது. மூக்குக் கண்ணாடி, மாத்திரை, பணம் எல்லாம் பத்திரமாக இருந்தன. பாட்டிலை மட்டும் காணவில்லை.

"போலீஸ்கிட்ட இதைச் சொன்னீங்களா?" என்று கேட்டாள் அத்தை.

"அவங்க கேட்கல. நீங்கதான் முதல்ல கேட்கறீங்க."

அந்தப் பாட்டிலை மனதில் வைத்துக்கொண்டுதான் இருவரும் இப்போது மாணவர் லேப்புக்குள் நுழைந்தார்கள். சம்பவம் நடந்த அன்று போலீஸ் பூட்டியதை இன்று காலையில்தான் திறந்திருந்தார்கள். கருப்புக் கல் பதித்த நீண்ட மேஜைகள். மேஜைக்கு மேஜை ஓர் எண்ணெய்ச் சட்டி, அதில் பாதி முங்கிய கண்ணாடிக் குடுவை, குடுவையின் வாயில் ரப்பர்க் குழாய். எல்லாக் குழாய்களும் சுவரோடு ஓடிய ஒரு செப்புக் குழாயில் போய்ச் சேர்ந்தன. மூலையில் உள்ளறை ஒன்று. அதன் கதவில் பனி படிந்தாற்போல் மங்கிய கண்ணாடி.

அந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்தார் தங்கக்கை.

அது அந்த லேப் பேராசிரியருக்கு மாணவர்கள் கேலிக்கு வைத்த பெயர். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். அவர் தொட்ட ரியாக்‌ஷன் தோற்றதில்லை என்பது அவரே பரப்பிய செய்தி. சலவை மடிப்புக் கலையாத வெள்ளை அங்கி. ஒரு பொட்டுக் கறை இல்லை. மருந்து விற்றுத் திரிந்த காலத்தில் மாப்பிள்ளை நிறைய லேப் ஆட்களைப் பார்த்திருக்கிறான். வேலை செய்கிறவன் அங்கி ஓவியன் தூரிகை துடைத்த துணி போல இருக்கும்.

"துப்பறியறவங்கன்னு சொன்னாங்க. கெமிஸ்ட்ரி ஏதாவது தெரியுமா?" என்றார் தங்கக்கை, அத்தையின் செருப்பைப் பார்த்தபடி.

"வெந்நீர் வைக்கத் தெரியும் சார்."

"சரி, அந்த அளவுக்கு இறங்கியே சொல்றேன். அன்னிக்குப் பசங்க செஞ்சது ஒரு கேட்டலிஸ்ட். தான் மாறாம மத்தவங்களை மாத்திக்கிட்டே இருக்கும்."

"எங்க வீட்டுல அதுக்குப் பேர் மாமியார் சார்," என்றான் மாப்பிள்ளை.

அத்தை காதில் விழாதது போல இருந்தாள். அவளுக்கு எல்லாம் விழும்.

தங்கக்கை சிரிக்கவில்லை. பல்லேடியம் என்கிற விலை உயர்ந்த உலோகத்தின் உப்பு. அதோடு பாஸ்பீன் என்று ஒரு வெள்ளைத் தூள். இரண்டையும் ஒரு கரைப்பானில் போட்டு எண்ணெய்ச் சட்டியில் சூடாக்க வேண்டும். தெளிந்ததும் இன்னொரு திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நுரைத்துக்கொண்டு பொங்கும். ஆறவிட்டால் பளிச்சென்று மஞ்சள் படிகம் இறங்கும். இவ்வளவுதான் செய்முறை.

"ஆனா ஒரு எதிரி இருக்கான். காத்து. ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் காத்து உள்ளே போகாம, நைட்ரஜன் குமிழி விட்டுக்கிட்டே இருக்கணும். ஒரு நிமிஷம் அசந்தா மஞ்சள் பச்சையாகும், பச்சை பழுப்பாகும். அப்புறம் இதுதான்."

மேஜை மேலிருந்த மரத்தட்டைக் காட்டினார். அன்றைய வகுப்பின் விளைச்சல் வரிசையாக நின்றது. சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் விதவிதமான சேறு. ஒவ்வொன்றிலும் ஒரு மாணவரின் பெயர். ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் சிவப்பு மையில் ஒரு பூஜ்யம். தட்டின் தலைமாட்டில் தனியாக ஒரு குப்பி. அதில் இருந்தது எலுமிச்சைத் தோலைப் பொடித்தது போல அப்படி ஒரு மஞ்சள்.

"அது என்னோடது," என்றார்.

"ஒருத்தருக்குக்கூடச் சரியா வரலையா சார்?" என்றாள் அத்தை.

"எப்படி வரும்? கையில எதுவும் இல்லாத கூட்டம். உப்பு சரியில்ல சார், கேஸ் சரியில்ல சார்னு வந்து நின்னாங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். நான் அதே உப்பை எடுத்தேன். அதே லைன், அதே கேஸ். உள்ளறைக் குழாயும் இந்தக் குழாய்லேருந்துதான் பிரியுது, பாருங்க. அவங்களுக்கும் எனக்கும் வித்தியாசம் கை மட்டும்தான்."

"வகுப்பு முழுக்க நீங்க அந்த அறையிலதான் இருந்தீங்களா?"

"அதைத்தான் இவ்வளவு நேரமா சொல்லிக்கிட்டிருக்கேன். இதை விட்டுட்டு ஒரு நடை வெளியே போயிருந்தா இது மஞ்சளா இருந்திருக்குமா? இதைவிட வேற சாட்சி வேணுமா? பாதியில ஓடினது அந்த டிரைவர் பொண்ணு. அவ குப்பியைப் பாருங்க. இருக்கறதுலேயே கேவலமான சேறு அதுதான்."

உள்ளறைக்கு இன்னொரு கதவு இருந்தது. அது பின்பக்கப் படிக்கட்டில் திறந்தது. எப்போதும் பூட்டியிருக்கும் என்றார் தங்கக்கை. சாவி ஒன்று தலைவியிடம், இன்னொன்று தன்னிடம்.

"அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல சார். கேட்டு வெச்சேன்," என்றாள் அத்தை.

வராந்தாவில் வகுப்புத் தலைவன் காத்திருந்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம். ஒரு பூஜ்யத்துக்காக ஒரு வாரம் தூங்காத முகம்.

"உங்க சார் எப்படி?" என்றாள் அத்தை.

அவன் உள்ளறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நல்லா சொல்லித் தருவாரா தெரியலம்மா. நல்லா திட்டுவார். அன்னிக்கு எல்லாருக்கும் கெட்டுப்போச்சு. ஒவ்வொருத்தர் குப்பியா தூக்கிப் பார்த்துச் சிரிச்சார். அவளை மட்டும் 'சேறு மேடம்'னு கூப்பிட்டார். அதுக்கப்புறம்தான் அவ அழுதுக்கிட்டே போனா."

"அவர் அப்போ எங்கே இருந்தார்?"

"வெளியே வந்து திட்டிட்டு மறுபடி உள்ளே போயிட்டார். கதவைச் சாத்திக்கிட்டார். கடைசியில மஞ்சளோட வந்தார். நாங்க கையெல்லாம் தட்டினோம்." சொல்லும்போதே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"உள்ளே இருந்ததைப் பார்த்தியா?"

"கண்ணாடி மங்கல்மா. கலக்குற ஸ்டிரர் மெஷின் ஓடற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

"அது ஆள் இல்லாம ஓடுமா?"

"சுவிட்ச் போட்டா நாள் முழுக்க ஓடும்."

மாப்பிள்ளை குறுக்கே வந்தான். "எங்க வீட்டு மின்விசிறியும் அப்படித்தான். நான் இல்லாத ரூம்லதான் அது உற்சாகமா ஓடும்."

"உங்க குடுவையில கேஸ் சரியா வந்துதா?" என்றாள் அத்தை.

"அதாம்மா புரியல. குமிழி நிக்கவே இல்ல. நான் கண்ணை எடுக்காம பார்த்துக்கிட்டிருந்தேன். ஆனாலும் என் கண் முன்னாடியே பச்சையாச்சு."

 அத்தை மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள்.

"ஒரு பையன் தப்பா எழுதினா அவன் படிக்கல. ஒரு ஹால் முழுக்க ஒரே தப்பை எழுதினா, மாப்பிள்ளை, கேள்வித்தாள்ல தப்பு."

"அந்த ஹால்ல ஒருத்தர் மட்டும் சரியா எழுதியிருந்தா?"

"அவன் சட்டைக் கையை மடிச்சுப் பார்க்கணும்."

லேப்பிலிருந்து வெளியே வந்த செப்புக் குழாயின் வழியே நடந்து அத்தை வராந்தாவின் கோடிக்குப் போனாள். அங்கே ஆளுயரச் சிலிண்டர் ஒன்றைச் சங்கிலியால் சுவரோடு கட்டி வைத்திருந்தார்கள். பக்கத்து அறையில் ஸ்டோர் பொறுப்பாளர் காலை நீட்டி உட்கார்ந்து தொலைபேசியில் யாரையோ வைதுகொண்டிருந்தார். அவர் வைது முடிக்கும் வரை அத்தை காத்திருந்தாள்.

"இந்தச் சிலிண்டரை எப்போ மாட்டினீங்க?"

"அந்தம்மா விழுந்த அன்னிக்குத்தான். வகுப்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பழசு தீர்ந்துபோச்சு. லாரி வந்து இறக்கிட்டுப் போனான். அதுல ஒண்ணை உருட்டிக்கிட்டு வந்து மாட்டினேன். ஏன், கேஸ் வரலையா?"

"நல்லா வருது. என்ன கேஸ்னு பார்த்து மாட்டினீங்களா?"

"நைட்ரஜன் கேட்டோம், நைட்ரஜன்தான் குடுத்திருப்பான். சிலிண்டரைத் திறந்து மோந்து பார்க்க முடியுமாம்மா?" என்று அவர் மறுபடி தொலைபேசியை எடுத்தார்.

அத்தை வெளியே வந்து கையை நீட்டினாள். "மாப்பிள்ளை, உங்க பேன்ட் பின் பாக்கெட்ல இருக்கிற தீப்பெட்டியைக் கொஞ்சம் குடுங்க."

மாப்பிள்ளை பின் பாக்கெட்டைக் கையால் பொத்தினான். கல்யாணமான நாளிலிருந்து அவன் சிகரெட் பிடிப்பதை மாமியாருக்குத் தெரியாமல் காப்பாற்றி வந்தவன். அதற்காக ஏலக்காய்க்கும் பெப்பர்மின்டுக்கும் அவன் செலவழித்த உழைப்பு கொஞ்சநஞ்சமல்ல.

"அது... சாமி விளக்கு ஏத்தறதுக்காக வெச்சிருந்தேன் அத்தை."

"தெரியும். மொட்டை மாடியில தினம் ரெண்டு வேளை ஏத்தறீங்க. குடுங்க."

தீப்பெட்டியோடு, வகுப்புத் தலைவனைக் கூட்டிக்கொண்டு, அவள் பக்கத்து லேப்புக்குள் போனாள். மாப்பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டாள். திரும்பி வந்தபோது அவள் விரலில் கருகல் வாசனை இருந்தது. பையன் முகத்தில் ஒரு வாரமாக இல்லாத ஏதோ ஒன்று இருந்தது.

"இன்ஸ்பெக்டருக்குப் போன் போடுங்க மாப்பிள்ளை. வகுப்புப் பசங்களையும் லேப்புக்கு வரச் சொல்லுப்பா. நம்ம தங்கக்கை சாருக்கு ஆள் கூட்டம் இருந்தாத்தான் பேச வரும்."

இன்ஸ்பெக்டர் சாவகாசமாக வந்தார். முடிந்துபோன வழக்கைக் கிளறுகிறார்களே என்ற சலிப்பை அவர் மறைக்கவில்லை. மாணவர்கள் சுவரோரம் நின்றார்கள். கரைப்பான் பாட்டில்களை எல்லாம் வேறு அறைக்கு மாற்றி, ஜன்னல்களைத் திறந்து வைக்கச் சொல்லியிருந்தாள் அத்தை. மேஜையில் இரண்டு உயரமான கண்ணாடிச் சாடிகள், தட்டையான மூடிகளோடு.

தங்கக்கை கைகளைக் கட்டிக்கொண்டு, வகுப்பெடுக்க வந்தவர் போல நடுவில் நின்றார்.

"சார், உங்களுக்கு நல்லது நினைச்சுத்தான் கேட்கறேன்," என்றாள் அத்தை. அவள் குரலில் அவ்வளவு கனிவை மாப்பிள்ளை கேட்டதில்லை. அவனுக்கே பயமாக இருந்தது. "அன்னிக்கு எல்லாருக்கும் கெட்டுப்போச்சு. உங்களுக்கும் கெட்டுப்போயிருக்கலாம். நீங்களும் மனுஷர்தானே. பசங்க முன்னாடி கூச்சமா இருந்திருக்கும், வேற எங்கேயிருந்தோ கொஞ்சம் மஞ்சளை எடுத்துக் காட்டியிருக்கலாம். அப்படின்னா இப்பவே சொல்லிடுங்க. அது ஒண்ணும் குத்தமில்ல. நான் இப்படியே வீட்டுக்குப் போயிடுவேன்."

 மாப்பிள்ளை தங்கக்கையின் முகத்தையே பார்த்தான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த முகத்தில் கணக்குப் போடும் கண் தெரிந்தது. வாசல் திறந்திருக்கிறது, போய்விடலாம் என்று அந்தக் கண்ணுக்குப் புரிந்துவிட்டது. பிறகு அது சுவரோரம் போயிற்று. அங்கே மாணவர்கள் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூஜ்யம் வாங்கியவர்கள் அத்தனை பேரும்.

"எனக்குக் கெட்டுப்போறதா?" என்றார் தங்கக்கை. "அம்மா, என் கையில ரியாக்‌ஷன் கெடாது. அந்த மஞ்சள் அந்த அறையில, அந்தக் குழாயில வந்த கேஸ்ல, ஆரம்பத்துலேருந்து கடைசி வரை என் கையால செஞ்சது. வேணும்னா எழுதிக்குங்க."

"எழுதிக்குங்க இன்ஸ்பெக்டர். சார் ஆசைப்படறார்," என்றாள் அத்தை.

இன்ஸ்பெக்டர் எழுதினார். தங்கக்கை வாசித்துப் பார்த்துக் கையெழுத்தே போட்டார், கீழே ஒரு கோடும் இழுத்து.

அத்தை முதல் சாடியைத் தொட்டாள். "இது பக்கத்து லேப்ல பிடிச்ச நைட்ரஜன். நைட்ரஜன்ல தீ நிக்காது, எட்டாவது படிக்கிற பிள்ளைக்கும் தெரிஞ்ச பாடம்." மூடியை நகர்த்தி, எரியும் குச்சியை உள்ளே இறக்கினாள். சுடர், வாயில் கை வைத்து அடக்கினாற்போல, சட்டென்று அணைந்தது.

"இது சாரோட குழாய்ல பிடிச்சது."

இரண்டாவது சாடிக்குள் குச்சி இறங்கியது. சுடர் ஆடவில்லை, அசையவில்லை. குச்சி முழுக்க நிதானமாக எரிந்து, விரல் சுடும் நேரத்தில் அத்தை அதைக் கீழே போட்டாள்.

வகுப்புத் தலைவனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "அது நைட்ரஜன் இல்ல சார். வெறும் காத்து. அழுத்தி அடைச்ச காத்து. லாரிக்காரன் சிலிண்டரை மாத்தி இறக்கிட்டுப் போயிட்டான். நாங்க அன்னிக்கு முழுக்கக் காத்தைத்தான் குமிழி குமிழியா உள்ளே விட்டுக்கிட்டிருந்தோம்."

சுவரோரத்திலிருந்து ஒரு முனகல் எழுந்து அடங்கியது.

"நீங்க சொன்ன பழமொழி நல்ல பழமொழி சார்," என்றாள் அத்தை. "ஆனா பாருங்க, அன்னிக்குக் கூடமே கோணல். இந்த வரிசையில இருக்கிற சேறு அத்தனையும் நேர்மையான சேறு. அந்தக் குழாயை வெச்சு யார் செஞ்சிருந்தாலும் சேறுதான் வந்திருக்கும். இங்கே ஒரே ஒரு குப்பிதான் பொய் சொல்லுது. அது மஞ்சளா இருக்கு."

இன்ஸ்பெக்டர் சாய்ந்து நின்றவர் நிமிர்ந்தார்.

தங்கக்கையின் கழுத்து மட்டும் சிவந்தது. "சரி. சரி, கெட்டுப்போச்சுன்னே வெச்சுக்குங்க. கடையில வாங்கினதை மாத்தி வெச்சேன். நீங்கதானே சொன்னீங்க, அது குத்தமில்லன்னு."

"சொன்னேன். நீங்க வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுட்டீங்க." அத்தையின் குரலில் இப்போது கனிவு போன இடம் தெரியவில்லை. "இது முதல் தடவை இல்ல, இல்லையா சார்? எல்லாரும் ராப்பகலா அடுப்படியில நிக்கும்போது உங்களுக்கு மட்டும் எப்பவும் பளிச்சுன்னு வரும். கடையில வாங்கி, குப்பியில கொட்டி, நானே செஞ்சேன்னு சொல்லி வாங்கின பேர்தான் தங்கக்கை. உங்க தலைவி அதைக் கண்டுபிடிச்சுட்டாங்க. அன்னிக்கு அவங்க கைப்பையில அதுக்குச் சாட்சி ஒண்ணு இருந்துச்சு. விழுந்தப்புறம் அது இல்ல."

"என்ன சாட்சி? ஒரு காலி பாட்டிலை வெச்சு எவனும் எதையும் நிரூபிக்க முடியாது," என்றார் தங்கக்கை, வெடுக்கென்று.

 மாப்பிள்ளைதான் முதலில் வாயைத் திறந்தான். அவனுக்கு ஜோக் எதுவும் தோன்றவில்லை.

"சார், அத்தை 'சாட்சி'ன்னுதான் சொன்னாங்க. பாட்டில்னு சொல்லல. காலின்னும் சொல்லல. அது தெரிஞ்சவங்க அந்தம்மாவோட வீட்டுக்காரர், நாங்க ரெண்டு பேர். அப்புறம், பையிலேருந்து அதை எடுத்த ஆள்."

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். சலிப்பு இருந்த இடத்தில் இப்போது வேலை வந்து உட்கார்ந்திருந்தது. உள்ளறைக் குளிர்பெட்டியைப் போலீஸ்காரர்கள் குடைந்தபோது, தேயிலை டப்பா ஒன்றுக்குள் கம்பெனி முத்திரையோடு இரண்டு பாட்டில்கள் கிடைத்தன. ஒன்றில் பாதி மஞ்சள் இருந்தது. இன்னொன்று காலி, அதைச் சுற்றித் தலைவி வீட்டுக் காகிதம் அப்படியே இருந்தது. தூக்கி எறியக்கூட அவருக்கு மனம் வரவில்லை. அவ்வளவு பேருக்கும் அறிவில்லை என்று நம்புகிறவனுக்குத் தடயத்தை அழிக்கும் அக்கறை எதற்கு?

தங்கக்கை பேச ஆரம்பித்தார். தலைவி பின்பக்கப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டாராம், ஸ்டிரரை ஓடவிட்டுப் பின்கதவு வழியாகப் போனாராம். பாட்டிலைக் காட்டி, அன்று மாலைக் கூட்டத்தில் இதைப் பேசப் போவதாகச் சொன்னாராம். தரச் சொல்லிக் கேட்டாராம், தரவில்லையாம்.

"லேசாத்தான் தள்ளினேன்," என்றார். அதிலும் அளவு சொன்னார்.

அவரைக் கூட்டிக்கொண்டு போகையில் ஒரு மாணவன்கூடக் கேலி செய்யவில்லை. அது அவருக்குக் கேலியைவிட அதிகமாக உறைத்திருக்கும்.

காரில் ஏறியபின்தான் மாப்பிள்ளை கேட்டான். "அத்தை, நீங்க கேட்டப்போ அவர் 'ஆமாம், கெட்டுப்போச்சு'ன்னு சொல்லியிருந்தா?"

"கூச்சத்துல மாத்தினேன்னு சொல்லி முடிச்சிருப்பார். நம்ம வழக்கு அங்கேயே படுத்திருக்கும்."

"அப்புறம் எந்தத் தைரியத்துல கேட்டீங்க?"

"எத்தனை ஹால் பார்த்திருக்கேன். பாஸ் ஆகணும்னு காப்பியடிக்கிறவன் பிடிச்சதும் காலில் விழுந்துடுவான். முதல் மார்க்குக்காகக் காப்பியடிக்கிறவன் இருக்கானே, அவன் சீட்டு கையில இருக்கும்போதே 'நான் யார் தெரியுமா'ம்பான். அவனால 'எனக்குத் தெரியல'ன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியாது மாப்பிள்ளை. தூக்குல போட்டாலும் முடியாது. வண்டியை எடுங்க. அந்தப் பொண்ணை வெளியே விடறப்போ அவ அப்பா கூட நாமளும் நிக்கணும்."

அன்று மாலையே அவளை விட்டார்கள். டிரைவர் மகளின் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சில நாளில் துறைத் தலைவிக்கும் நினைவு திரும்பியது. சிலிண்டர் தவறுக்கு யார் பொறுப்பு என்று ஆராயக் கல்லூரி ஒரு குழு போட்டது. அந்தக் குழு இன்னும் டீ குடித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த மாதம் டிரைவர் மறுபடி வாசல் மணியை அடித்தார். இந்த முறை மகளும் கூட வந்திருந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள்.

"பழைய பூஜ்யத்தை எல்லாம் அடிச்சுட்டாங்கம்மா," என்றார் டிரைவர். "புது மேடம் ஒருத்தங்க வந்து, அதே வேலையை எல்லாரையும் திரும்பச் செய்யச் சொன்னாங்க. இந்த வாட்டி கேஸ் சுத்தமான கேஸ். எல்லாருக்கும் மஞ்சளா வந்துருச்சு."

"ரொம்ப சந்தோஷம்," என்றாள் அத்தை. "உனக்கும்தானே பாப்பா?"

டிரைவர் தொண்டையைச் செருமினார். மகள்தான் பதில் சொன்னாள்.

"இல்லம்மா. எனக்கு மறுபடியும் பழுப்பு."

மாப்பிள்ளை சிரிப்பை அடக்க இருமினான்.

"ஏன்?"

"மூடியைச் சரியா அழுத்தல. பேச்சு சுவாரசியத்துல மறந்துட்டேன். பக்கத்து மேஜைப் பையன் அவனோடதுல கொஞ்சம் தரேன்னான்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வேண்டாம்னுட்டேன். கெட்டுப்போச்சு மேடம், என் தப்புன்னு சொல்லிக் குப்பியை அப்படியே கொண்டுபோய் மேஜையில வெச்சேன்."

"மேடம் என்ன சொன்னாங்க?"

"பாதி மார்க் போட்டாங்க. நாளைக்கு வந்து திரும்பச் செய்னாங்க."

அத்தை எழுந்து சமையலறைப் பக்கம் நடந்தாள். "உட்காருங்க ரெண்டு பேரும். சாப்பிட்டுட்டுத்தான் போகணும்," என்றாள். வாசல்படியில் நின்று திரும்பி, "மாப்பிள்ளை, இன்னும் ரெண்டு தட்டு எடுத்து வைங்க," என்றாள். அவள் யாரையும் சாப்பிடச் சொல்லி அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை.